தரையைத் தட்டிச் சொல்லும் ஸ்கங்க்

ஸ்கங்க் என்ற விலங்கின் உடம்பில் நாற்றம் கிடையாது. பெயரைக் கேட்டதுமே மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இதை எளிதில் நம்பமாட்டார்கள். எதிரியை விரட்டும் திரவத்தைப் பீய்ச்சாத வரைக்கும், பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்து பார்த்தாலும் மண்ணும் ரோமமும் கலந்த மெல்லிய விலங்கு வாசனைதான் வரும். 1945இல் திரைக்கு வந்த பெப்பே லெ ப்யூ என்ற கார்ட்டூன் ஸ்கங்க், போகிற இடமெல்லாம் நாற்றத்தை இழுத்துக்கொண்டு திரியும். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் உண்மையான விலங்கையும் அப்படியே நினைத்துக்கொண்டன. ஸ்கங்குக்கு நேர்ந்த பெரிய அநியாயங்களில் அது ஒன்று.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு விலங்குப் பூங்காவில்தான் ஸ்கங்கை நேருக்கு நேர் பார்த்தேன். பார்வையாளர்களைச் சிறு குழுவாகத் தரையில் உட்காரவைத்தார்கள். திடீரென்று எழுந்திருக்கக் கூடாது, பின்பக்கமிருந்து தொடக் கூடாது, கத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பராமரிப்பாளர் கூண்டைத் திறந்தார். குட்டியாக இருந்தபோதே தாயை இழந்து மனிதர் கையில் வளர்ந்த பெண் ஸ்கங்க் அது. ஆளைக் கண்டால் ஒதுங்கத் தெரியாது என்பதால் இனிக் காட்டில் விட முடியாது என்றார். எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வியை ஒரு சிறுமி கேட்டாள்: நாற்றச் சுரப்பிகளை எடுத்துவிட்டீர்களா? இல்லை, இரண்டும் அப்படியே இருக்கின்றன என்று பதில் வந்தது. அதன் பிறகு அறையில் யாரும் அசையவில்லை.

வந்தது வீட்டுப் பூனை அளவுதான் இருந்தது. நடை மட்டும் பூனையுடையது அல்ல. உள்ளங்கால் முழுவதையும் தரையில் ஊன்றி, இடுப்பை இருபுறமும் அசைத்து, அவசரமே இல்லாமல் வந்தது. சிறிய தலை, அதைவிடச் சிறிய காதுகள். நெற்றியிலிருந்து மூக்கு நோக்கி இறங்கும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. உச்சந்தலையில் தொடங்கும் வெள்ளை, பிடரியில் இரண்டாகப் பிரிந்து முதுகின் இருபக்கமும் வால்வரை ஓடுகிறது. மற்றதெல்லாம் அடர்கறுப்பு. முன்கால் நகங்கள் நீளமானவை, மண்ணைத் தோண்டுவதற்காகவே அமைந்தவை. மரத்தூளுக்குள் பராமரிப்பாளர் புதைத்துவைத்த மாவுப்புழுக்களை அது கண்ணால் தேடவேயில்லை. மூக்கைத் தரையோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்து, நின்று, ஒரே ஒரு கீறல் கீறி எடுத்தது. பிறகு அடுத்தது. எங்களை அது சட்டை செய்யவில்லை.

அந்த அலட்சியத்துக்கு ஓர் உயிரியல் காரணம் உண்டு. முயலோ மானோ எதிரியைக் கண்டால் ஓடுகிறது. ஸ்கங்க் ஓடுவதற்காக அமைந்த விலங்கு இல்லை. வேகம் கிடையாது, மரம் ஏறுவதிலும் கெட்டிக்காரத்தனம் இல்லை, சில மீட்டருக்கு அப்பால் பார்வையும் தெளிவில்லை. அதன் பாதுகாப்பு முழுக்க, தான் யார் என்பதை மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துவதில் இருக்கிறது.

வாலின் அடியில், ஆசனவாயின் இருபக்கமும் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அதைச் சுற்றிக் கெட்டியான தசை. சுரப்பியிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு காம்பில் முடிகிறது. வால் தூக்கும்போது காம்புகள் வெளியே நீட்டிக்கொள்ளும், வேண்டிய பக்கம் அவற்றைத் திருப்பவும் முடியும். எதிரி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் முகத்தைக் குறிவைத்து ஒரே பீச்சாக அடிக்கும். மூன்று மீட்டர் வரை குறி தவறாது. துரத்தல் நடக்கும்போது, எதிரி இருக்குமிடம் சரியாகத் தெரியாவிட்டால், நுண்துளிகளாகத் தூவிவிட்டுப் போகும். துரத்தி வருவது அந்தப் புகைக்குள் ஓடிவர வேண்டியிருக்கும். கண்ணில் பட்டால் தாங்கமுடியாத எரிச்சல், சற்று நேரம் பார்வையே தெரியாது, குமட்டல் வேறு.

இவ்வளவு வலிமையான ஆயுதம் என்றாலும் கையிருப்பு குறைவு. இரண்டு சுரப்பிகளும் நிறைந்திருந்தால் ஐந்தாறு முறை அடிக்கலாம். தீர்ந்துபோனால் மறுபடி நிறைய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அத்தனை நாளும் அந்த விலங்கு வெறுங்கையோடு நடமாட வேண்டும். ஆகவே அடிக்காமல் காரியத்தை முடிப்பதிலேயே அதன் புத்தி முழுவதும் செலவாகிறது.

முதல் எச்சரிக்கை நிறம். இரவில் இரை தேடும் சிறு விலங்குகளில் பெரும்பாலானவை மண்ணோடும் புல்லோடும் கலக்கும் நிறத்தில் இருக்கின்றன. ஸ்கங்கோ நிலா வெளிச்சத்திலும் தனித்துத் தெரியும்படி கறுப்பும் வெள்ளையும் பூண்டிருக்கிறது. ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்த விலங்குகளின் நிறங்களை ஒப்பிட்டு தியோடர் ஸ்டாங்கோவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, குறிபார்த்துப் பீய்ச்சக்கூடிய இனங்களில் உடம்பின் நீளத்துக்கு ஓடும் பட்டைகள் அதிகம் என்று காட்டியது. பட்டை முடிகிற இடத்தில்தான் ஆயுதம் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஜெனிபர் ஹண்டர் செய்த சோதனை இன்னும் நேரடியானது. பாடம்செய்த ஸ்கங்க் உடல்களையும் நரி உடல்களையும் எடுத்து, சிலவற்றுக்கு ஸ்கங்கின் நிறமும் சிலவற்றுக்குச் சாம்பல் நிறமும் பூசி, இறைச்சியோடு காட்டில் வைத்தார். வந்த வேட்டை விலங்குகள் ஸ்கங்கின் நிறத்தைக் கண்டும் தயங்கின, உருவத்தைக் கண்டும் தயங்கின. காட்டில் இந்தப் பாடம் பலருக்கும் தெரிந்திருக்கிறது.

நிறத்தைப் பார்த்தும் நெருங்குகிறவர்களுக்கு இரண்டாவது எச்சரிக்கை. முன்கால்கள் இரண்டாலும் தரையைப் படபடவென்று தட்டும். சில அடி முன்னால் பாய்ந்து, பின்னால் இழுத்துக்கொண்டு, மறுபடி தட்டும். சீறும். வால் மேலே போகும், ரோமம் விரியும். அதற்கும் எதிரி நகரவில்லை என்றால் உடம்பை வளைத்து, முகமும் பின்புறமும் ஒரே பக்கம் பார்க்கும்படி நிற்கும். அந்த நிலையைக் கண்ட பிறகும் நிற்பது விவேகம் இல்லை. புள்ளி ஸ்கங்க் என்ற சிறிய வகை இன்னும் ஒரு படி மேலே போய், முன்கால்களில் தலைகீழாக நின்று பின்கால்களையும் வாலையும் வானத்துக்கு நீட்டும். பூங்காவில் நாங்கள் பார்த்தது தரையைத் தட்டுவதை மட்டும்தான். வெளியே யாரோ நாற்காலியைச் சிமென்ட் தரையில் இழுத்த சத்தம் கேட்டதும், புழுவை விட்டுவிட்டு இரண்டு தட்டு தட்டியது. பராமரிப்பாளர் கையால் எங்களை அமைதியாயிருக்கச் சொன்னார். சில நொடியில் தலை மறுபடி மரத்தூளுக்குள் போயிற்று. மிரட்டலாகக்கூடத் தெரியவில்லை, முன்கூட்டியே சொல்லிவைக்கிற மரியாதையாகத்தான் எனக்குப் பட்டது.

அந்தத் திரவத்தில் என்னதான் இருக்கிறது? இதற்கு விடை கிடைக்க நெடுநாள் ஆயிற்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த தாமஸ் ஆல்ட்ரிச் 1896இல் இதை ஆராய்ந்து, கந்தகம் கலந்த சேர்மங்கள் இருப்பதைக் கண்டார். முக்கியப் பொருள் பியூட்டைல் மெர்காப்டன் என்று அவர் எழுதியது பாடநூல்களிலெல்லாம் ஏறிக்கொண்டது. 1975இல் நவீனக் கருவிகளோடு ஆண்டர்சனும் பெர்ன்ஸ்டீனும் பார்த்தபோது அந்தப் பொருள் அதில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. வேறு இரண்டு தயோல்கள்தான் நாற்றத்துக்குக் காரணம். தயோல் என்றால் கந்தகமும் ஹைட்ரஜனும் இணைந்து தொங்கும் கரிமச் சேர்மம். நம் சமையல் எரிவாயுவுக்கு இயற்கையாக மணம் இல்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காக அதில் கலக்கும் எத்தில் மெர்காப்டனும் ஒரு தயோல்தான். சிலிண்டர் கசிந்த வாடையைப் பல மடங்கு தடிமனாக்கி, தொண்டையில் இறங்கும் காரத்தையும் சேர்த்தால் ஸ்கங்கின் நாற்றம் ஓரளவு பிடிபடும். நூறு கோடிப் பங்கு காற்றில் பத்துப் பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இதில் எனக்கு மிக வியப்பூட்டும் பகுதி 1990இல் வெளிவந்தது. ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் வுட் அந்தத் திரவத்தை மறுபடி பிரித்துப் பார்த்து, தயோல்களோடு தயோஅசிடேட்டுகளும் இருப்பதை விளக்கினார். இவற்றுக்கு அவ்வளவு வாடை இல்லை. ஆனால் தண்ணீர் பட்டால் மெதுவாகச் சிதைந்து தயோலாக மாறும். அடிவாங்கிய நாயைக் குளிப்பாட்டி, எல்லாம் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தால், அடுத்த வாரம் மழையில் நனைந்து வரும் நாயிடம் அதே நாற்றம் கிளம்புவது இதனால்தான். புள்ளி ஸ்கங்கின் திரவத்தில் தயோஅசிடேட் கிடையாது. அதனிடம் அடிவாங்கியவர்களுக்கு இந்த இரண்டாம் சுற்று இல்லை.

தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டினால் போய்விடும் என்று வட அமெரிக்கா முழுக்கச் சொல்வார்கள். போகாது. ஒரே நாற்றத்தை நெடுநேரம் முகர்ந்து மூக்கு மரத்துப்போன நிலையில் தக்காளியின் வாசனை மேலெழுந்து தெரிகிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருகிறவருக்கு இரண்டு வாடையும் சேர்ந்தே அடிக்கும். சரியான மருந்தைச் சொன்னவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வேதியியலாளர் பால் கிரேபாம். ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றத்தைப் போக்க, காரத்தன்மை ஏற்றிய ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்திவந்தார். உடன் வேலைபார்த்தவரின் பூனையை ஸ்கங்க் அடித்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அதையே நீர்த்த அளவில் சொல்லிக்கொடுத்தார். 1993இல் அது அச்சில் வந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி. கலந்த உடனே, கண்ணில் படாமல், ரோமத்தில் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பெராக்சைடின் ஆக்சிஜன் தயோலைப் பிடித்து வாடையற்ற சேர்மமாக மாற்றிவிடுகிறது. இந்தக் கலவையைப் புட்டியில் அடைத்து மூடிவைக்கவே கூடாது. வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். ஆகையால் இதைக் கடையில் விற்கவும் வழியில்லை. கிரேபாம் காப்புரிமை எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

கொயோட்டி என்ற காட்டுநாயும் நரியும் பெரும்பாலும் ஒரே அனுபவத்தில் கற்றுக்கொள்கின்றன. ஸ்கங்கின் எச்சரிக்கைக்குக் கட்டுப்படாதவை முக்கியமாக இரண்டு. ஒன்று பெரிய கொம்பு ஆந்தை. பறவைகள் பலவற்றைப் போலவே இதற்கும் மோப்ப உணர்வு குறைவு. அது சத்தமில்லாமல் மேலிருந்து வருவதால் தரையைத் தட்டிக் காட்டவும் ஸ்கங்குக்கு நேரம் இருக்காது. மற்றொன்று கார். சாலையில் வெளிச்சம் நெருங்கி வரும்போது ஸ்கங்க் பரம்பரை பரம்பரையாக வெற்றிகண்ட அதே காரியத்தைச் செய்கிறது: நிற்கிறது, திரும்புகிறது, வாலைத் தூக்குகிறது. இந்த இடத்தை எழுதும்போது மனம் கனக்கிறது. குளிர்காலம் முடியும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இவற்றின் இணைசேரும் காலம். ஆண்கள் துணை தேடி வெகுதூரம் அலையும். ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைகளில் அந்த நாட்களில் காருக்குள் நுழையும் வாடை பெரும்பாலும் அடிபட்டு இறந்த ஒரு விலங்கிடமிருந்து வருவது.

குளிர்காலத்தை இவை கழிக்கும் விதமும் தனி. நில அணில்களின் ஆழ்ந்த உறக்கம் இவற்றுக்கு இல்லை. பனி கடுமையானதும் வளைக்குள் முடங்கி, இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பில் காலம் தள்ளும். சில நேரம் பல பெண்கள் ஒரே வளையில் நெருக்கியடித்துப் படுத்திருக்கும். கூட ஓர் ஆணும் இருக்கலாம். கனடாவின் சஸ்காட்சுவானில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியாகக் கிடந்தவற்றின் உடல் வெப்பம் தினமும் சரிந்து 26 டிகிரி செல்சியஸ் வரைகூட இறங்கியது தெரிந்தது. சேர்ந்து படுத்தவற்றுக்கு அந்த அவதி அனேகமாக இல்லை, வசந்தம் வரும்போது அவற்றின் உடம்பில் மிச்சக் கொழுப்பும் அதிகம் இருந்தது.

மே மாதவாக்கில் நான்கிலிருந்து ஆறு குட்டிகள் பிறக்கும். கண் திறக்க மூன்று வாரம் ஆகும், ஆனால் பிறந்து எட்டு நாளிலேயே சுரப்பி வேலைசெய்யத் தொடங்கிவிடும். ஜூன், ஜூலை அந்திகளில் தாய்க்குப் பின்னால் குட்டிகள் ஒற்றை வரிசையில் நடப்பதை டொராண்டோவின் புறநகர்த் தெருக்களிலேயே பார்க்கலாம். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இவற்றோடு ஒரே தெருவில் வாழ்கின்றன. காலையில் புல்தரையில் சிறுசிறு குழிகள் தெரிந்தால் பலருக்குக் கோபம் வருகிறது. புல்லின் வேரைத் தின்னும் வண்டுப் புழுக்கள் மண்ணுக்குள் பெருகியிருப்பதால்தான் ஸ்கங்க் அங்கே வருகிறது. அது தோண்டாவிட்டால் அந்தப் புழுக்கள் புல்லைப் பழுப்பாக்கும். தேனீ வளர்ப்போருக்கு மட்டும் உண்மையான தொல்லை உண்டு: இரவில் பெட்டி வாசலைப் பிராண்டி, என்னவென்று பார்க்க வரும் காவல் தேனீக்களை ஒவ்வொன்றாகத் தின்னும். அவர்கள் பெட்டிகளை உயரமான தாங்கியில் வைத்துவிடுகிறார்கள். ஸ்கங்க் எழுந்து நின்றால்தான் எட்டும், அப்போது ரோமம் குறைந்த வயிற்றில் தேனீக்கள் கொட்டும்.

நம் ஊரில் ஸ்கங்க் கிடையாது. புனுகுப்பூனையும் மரநாயும் வேறு குடும்பம். கறுப்புடம்பும் வெளிறிய முதுகுமாக இருக்கும் தேன்வளைக்கரடி தோற்றத்தில் நெருங்கிவந்தாலும் உறவு தூரம்தான். ஸ்கங்குகளையே நெடுங்காலம் நீர்நாய்களின் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டு அவை தனிக் குடும்பம் என்று 1997இல் நிறுவியவர்கள் ஜெர்ரி டிராகூவும் ராட்னி ஹனிகட்டும். இந்தோனேசியாவிலும் மலேசியாவின் சபாவிலும் பிலிப்பீன்ஸின் பலவான் தீவிலும் நாறும் வளைக்கரடி என்று அழைக்கப்பட்ட இரண்டு இனங்கள் உண்மையில் ஸ்கங்கின் சொந்தங்கள் என்பதும் அப்போது உறுதியாயிற்று. டிராகூவுக்குப் பிறவியிலிருந்தே மோப்ப உணர்வு மிகக் குறைவு. எத்தனை முறை அடிவாங்கினாலும் பொருட்படுத்தாமல், ஸ்கங்குகளை ஆராய்வதிலும் அவற்றின் கெட்ட பெயரைப் போக்குவதிலும் தன் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர்.

அஞ்ச வேண்டிய ஒன்று இருக்கிறது, அது நாற்றம் இல்லை. வட அமெரிக்காவில் ரேபீஸ் நோயைச் சுமக்கும் காட்டு விலங்குகளில் ஸ்கங்கும் ஒன்று. 2015 டிசம்பரில் ஹாமில்டன் நகரப் பகுதியில் ரக்கூன்களிடம் நோய் தலைகாட்டியபோது ஸ்கங்குகளும் பாதிக்கப்பட்டன. தடுப்பு மருந்து வைத்த இரையை அரசு ஏராளமாகத் தூவித்தான் அதைக் கட்டுப்படுத்தியது. தள்ளாடுகிற, காரணமில்லாமல் ஆள்மேல் வருகிற ஸ்கங்கின் பக்கம் போகாமல் நகராட்சிக்குச் சொல்லிவிட வேண்டும். பூங்காவில் பார்த்த பழக்கத்தில் வெளியே குட்டியைத் தூக்குவதும் கூடாது.

நலமாக இருக்கும் ஸ்கங்கிடம் நடந்துகொள்வது எளிது. தட்டினால் நின்றுவிடுங்கள். பேசாமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். மரத்தளத்தின் கீழே வளை இருந்தால் மே, ஜூன் மாதங்களில் துவாரத்தை அடைக்காதீர்கள். உள்ளே குட்டிகள் இருக்கும், கோடை முடிவதற்குள் தாமாகவே கிளம்பிவிடும். பேஸ்மென்ட் ஜன்னலுக்கு வெளியே உள்ள குழியில் விழுந்துவிடுவது அடிக்கடி நடக்கும், ஏறத் தெரியாததால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நீளமான பலகையில் பழைய துணியைச் சுற்றி, நகம் பிடிக்கும்படி ஆணியால் அடித்து, மெதுவாகச் சாய்வாக இறக்கிவையுங்கள். செங்குத்தாக வைத்தால் ஏறாது, சரிவு குறைவாக இருக்க வேண்டும். இருட்டியதும் ஏறிப் போய்விடும். அதுவரை நாயை வீட்டுக்குள் கட்டிவையுங்கள்.